வெற்றறை, ஒரு நிமிடம்

காலை எட்டரைக்கு நான் மையத்தின் படியேறியபோது தோளில் குடை, கையில் சாப்பாட்டுப் பை, மனதில் இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. அந்த மூன்றில் மாலை என்னோடு வீடு திரும்பியது குடை மட்டும்தான்.

பழைய கட்டடம். எங்கள் பேச்சுப் பயிற்சி மையம் இருக்கும் தளத்தில் முன்பு ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவு இருந்ததாம். பதிவறை என்று நாங்கள் சொல்வது, அவர்கள் எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. சுவர் ஒரு முழக் கனம். கதவைச் சாத்தினால் உங்கள் காதுக்குள் ரத்தம் ஓடுவது உங்களுக்கே கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு எனக்கு ஏதோ வியாதி என்று டாக்டரிடம் போனவன் நான்.

என் வேலை இதுதான். தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டிய நோயாளிகள், அதற்கு முன் எங்களிடம் வருவார்கள். நானூறு அட்டைகள், அட்டைக்கு ஒரு வாக்கியம். நான் எண்ணைச் சொல்லி அட்டையைக் காட்டுவேன், அவர்கள் படிப்பார்கள், பதிவாகும். அதிலிருந்து கணினி அவர்களுடைய குரலையே தயாரிக்கும். பிறகு கையடக்கக் கருவியில் அவர்கள் எதைத் தட்டினாலும் அது அவர்கள் குரலில் பேசும். வீட்டில் நான் வாயைத் திறந்தால் கேட்க ஆளில்லை; இங்கே ஊரார் பேச்சையெல்லாம் பத்திரமாகக் கட்டி வைக்கிறேன்.

அன்று மூன்று மணிக்கு வரவிருந்தவர் டிரைவிங் அக்கா. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளியில் இருபது வருடம் “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்தியவர். நான்கு மாதத்துக்கு முன்பு குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவர் கணவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வயதில் அவருக்குப் பார்வை போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். அக்காவால் பேச முடியாது. எழுதிக் காட்டினால் அவரால் பார்க்க முடியாது. நான்கு மாதமாக அவர் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் குடும்பம் நடத்துகிறார்கள். கருவியோடு வரும் பொதுக் குரலை ஒரு வாரம் முயன்றார்களாம். “யாரோ ஒரு பொம்பளை நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு என்னை அதட்டறா தம்பி. தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார் ஆபரேட்டர்.

சொந்தக் குரல் தயாரிப்பில் அக்காவின் முறை வந்தது அன்றுதான். அவருடைய நானூறு வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. சரியாகச் சொன்னால், போன வாரம் உயிரை விட்ட பழைய கணினியில் இருந்தன. அது போய்விட்டதால், பேக்கப் எடுத்து வைத்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மட்டும் இருந்தன. இன்னொரு முறை பதிவு செய்ய அக்காவிடம் குரல் இல்லை.

டிஸ்க்கைப் புதுக் கணினியில் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

பிடுங்கிச் செருகினேன். விளக்கு எரிந்தது. ஒன்றும் வரவில்லை.

கேபிளை மாற்றினேன். துளையை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். மையத்தை நடத்தும் டாக்டரம்மாவின் மேசைக் கணினியில் செருகிப் பார்த்தேன். முனையில் வாயால் ஊதினேன். ஏன் ஊதினேன் என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஊதுவார்கள். டிஸ்க்குகளைக் காட்டும் மென்பொருளைத் திறந்தால் இதன் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. ‘இணை’ என்பதை அழுத்தினேன்.

‘இணைக்க முடியவில்லை. இந்த டிஸ்க் இப்போது பயன்பாட்டில் உள்ளது.’

யாருடைய பயன்பாட்டில்? அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பத்து மணிக்கு என் மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. டேட்டா கம்பெனியில் வேலை. என்னைக் கேள்வி கேட்பதில் அவனுக்கு ஒரு தனி ருசி.

“மாமா, கடைசியா அதை எப்படி எடுத்தீங்க?”

“கையாலதான்.”

“எஜெக்ட் குடுத்துட்டு எடுத்தீங்களா, பிடுங்கினீங்களா?”

“எடுத்தேன்டா.”

“பிடுங்கிட்டீங்க.”

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“சரி, கேளுங்க. பாதியில பிடுங்கின டிஸ்க்கை மறுபடி செருகினா, கம்ப்யூட்டர் சத்தமில்லாம உள்ள உக்காந்து மொத்தத்தையும் சரிபார்க்கும். அது முடியற வரைக்கும் திறக்காது. நடுவுல நீங்க பிடுங்கினா, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். காலையிலேர்ந்து எத்தனை தடவை பிடுங்கியிருப்பீங்க?”

“ஒரு... ரெண்டு தடவை.”

“பத்து இருக்குமா மாமா?”

“பதினொண்ணு.”

“எங்க அக்கா உங்களை எப்படித்தான் வெச்சுக் காலம் தள்ளுதோ. தொடாம உக்காருங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. அப்போதுதான் டிஸ்க்கின் சத்தம் சரியாகக் காதில் விழுந்தது.

கர்க். கர்க்.

ஒரு சின்ன இடைவெளி. மூன்று, நான்கு நொடி.

கர்க். கர்க்.

மறுபடி இடைவெளி. மெக்கானிக்கல் டிஸ்க்குகள் சத்தம் போடும்தான். ஆனால் அவை போடும் சத்தத்துக்குத் தாளம் இருக்காது. இது ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் செருமிவிட்டு ஏதோ செய்தது, ஓய்ந்தது, மறுபடி செருமியது. செய்ய வேறு வேலை இல்லாத எரிச்சலில் எண்ண ஆரம்பித்தேன்.

இருநூற்றுப் பதினொன்றில் நின்றுவிட்டது.

நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். செத்துவிட்டது என்று நினைத்தேன். மச்சான் சொன்னது நினைவிருந்தும் கை சும்மா இருக்கவில்லை. பிடுங்கிச் செருகினேன்.

கர்க். கர்க். ஒன்று.

டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். “வந்துருமாப்பா?”

“வந்துரும் மேடம்.”

“உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே.” அவர் மூக்கைச் சுளித்தார். “இங்க என்ன வாசனை? எண்ணெய் கொட்டிட்டியா?”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. மெஷின் எண்ணெய். அதோடு அரத்தால் அராவிய பித்தளையின் வாசனை, நாக்கில் படுவதுபோல. அவர் போய்க் கதவு சாத்திய பின் அது இன்னும் கூடியது.

நூற்று எண்பது. இருநூறு. இருநூற்றுப் பத்து.

இருநூற்றுப் பதினொன்று.

நின்றது.

அந்த எண் எங்கோ பார்த்த எண். கணினி மேல் இருந்த கோபத்தில் அது என்ன என்று உடனே பிடிபடவில்லை. எங்கள் பதிவேட்டைத் திறந்தேன். இன்றும் காகிதத்தில்தான் எழுதுகிறோம். யார், எந்தத் தேதி, எத்தனையாவது வாக்கியம் வரை, வெற்றறை எப்போது எடுத்தது.

வெற்றறை என்னவென்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆளை உள்ளே விடுவதற்கு முன், யாரும் இல்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். காற்று, விளக்கின் ரீங்காரம், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய். பிறகு அந்த ஒரு நிமிடத்தைக் கணினியிடம் கொடுத்து, பேசுபவரின் பதிவிலிருந்து அறையைக் கழித்துவிடச் சொல்வோம். குரல் மட்டும் மிஞ்சும்.

டிரைவிங் அக்கா வந்த மூன்று நாளும் பக்கத்துக் கட்டடத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா படிக்கும்போது நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்; வெற்றறைக்காக இன்னொரு முறை போய்க் கெஞ்சச் சோம்பல். பழைய வெற்றறை ஒன்றை எடுத்துப் போட்டேன். அறை அதேதானே, ஒரு நிமிடம்தானே என்று. பதிவேட்டில் அக்காவின் வரிசையில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘வெற்றறை – பழசு’. பக்கத்தில் தேதி.

அந்தத் தேதியைத் தேடிப் பின்னால் புரட்டினேன்.

பூட்டுக்காரர்.

சாவி செய்து கொடுப்பவர். வரும்போதே எண்ணெய் வாசனையும் பித்தளைத் தூளும் கூட வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் இரண்டு தரம் செருமுவார். நான் ஒவ்வொன்றையும் வெட்டி எடுக்க வேண்டியிருந்ததால், “ஐயா, செருமாம படிங்களேன்” என்று கெஞ்சியிருக்கிறேன். “பூட்டைத் தொடறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கணும் தம்பி. அது பழக்கம்” என்று சிரிப்பார். இருநூற்றுப் பதினொன்று வரை படித்துவிட்டு, மிச்சம் நாளைக்கு என்று போனார். மறுநாள் பத்து மணிக்கு நான் வழக்கம்போல அவருக்காக வெற்றறை எடுத்தேன். பதினொன்று வரை காத்திருந்தேன். பிறகு அவர் மகள் போன் செய்தாள். “அப்பா காலையில ஆறு மணிக்கே தவறிட்டாங்க.”

ஆறு மணிக்கு.

நான் வெற்றறை எடுத்தது பத்து மணிக்கு.

சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் தவறாதவர் அவர்.

இன்னும் ஒன்று இருந்தது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது. முடிக்காத பதிவுகளை ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை என்பது எங்கள் விதி. டிஸ்க்கில் இடம் போதாமல், அக்காவின் பதிவுக்காக நான்தான் முடிக்காதவர்களை எல்லாம் ஒரே தட்டில் அழித்தேன். அப்பாவின் பதிவைப் பூட்டுக்காரரின் மகள் ஒரு முறை கேட்டிருந்தாள். “பாதிதான் இருக்கும்மா, அதை வெச்சுக் குரல் செய்ய முடியாது” என்று நானே சட்டம் பேசி அனுப்பியிருந்தேன்.

டிஸ்க் காத்திருந்தது. விளக்கு எரிந்தது.

மணி பன்னிரண்டரை. குரல் தயாராக இரண்டு மணி நேரமாவது ஆகும்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டில் பல்லியைப் பார்த்தால் ஸ்டூல்மேல் ஏறுகிறவன் நான். ஆனால் ஓடினால் மூன்று மணிக்கு டிரைவிங் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? நாற்பது வயதுக்கு மேல் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அட்டைக் கட்டை எடுத்தேன். எண்ணிப் பிரித்தேன். காலி நாற்காலிக்கு எதிரே வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, அட்டையை உயர்த்திப் பிடித்தேன்.

“இருநூற்றுப் பன்னிரண்டு,” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “‘மழை விடும் வரை இங்கேயே இருங்கள்.’”

ஒன்றுமில்லை.

“பாத்துப் படிங்க ஐயா. அவசரமில்ல.”

கர்க்.

கர்க்.

இடைவெளி, அந்த வாக்கியத்தின் நீளத்துக்கு.

இருநூற்றுப் பதின்மூன்று. ‘கதவைச் சாத்திவிட்டு வா.’ கர்க், கர்க். பதினான்கு. பதினைந்து. வாக்கியம் நீளமானால் இடைவெளியும் நீண்டது. முந்நூறில் என் நாக்கு வறண்டது. ‘என் கண்ணாடியை யாராவது பார்த்தீர்களா?’ என்பதற்கு அவர் மறுபடி முதலிலிருந்து செருமினார், தப்பாகப் படித்துவிட்டுத் திருத்துகிறவர்போல. “பரவால்ல, இன்னொரு தடவை” என்று நான் என்னையறியாமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

கடைசி இருபது அட்டைகள் வெற்று அட்டைகள். அவை அவரவர் சொந்தப் பேச்சுக்கு. பிள்ளையைக் கூப்பிடுவது, மனைவியிடம் சிடுசிடுப்பது, என்ன வேண்டுமானாலும். வெள்ளை அட்டையைக் காட்டினேன். டிஸ்க் வெகுநேரம் யோசித்தது. பிறகு மெல்ல ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் நீளம். ஒன்றுக்கு மட்டும் கர்க்கர்க்கர்க் என்று விடாமல், சிரிப்பதுபோல. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுப் பேச்சு. எனக்குப் புரியாவிட்டாலும் நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

நானூறு.

சத்தம் ஓய்ந்தது. வாசனை குறைந்ததா, பழகிவிட்டதா, தெரியாது. திரையின் ஓரத்தில், எதுவுமே நடக்காததுபோல, டிஸ்க்கின் படம் வந்து உட்கார்ந்தது. திறந்தேன். அக்காவின் நானூறு கோப்புகளும் இருந்தன. வேறு எதுவும் இல்லை.

நாற்காலியை நகர்த்தாமல் எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். சாப்பாட்டுப் பையை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அக்காவின் கழுத்தில் துணி சுற்றியிருந்தது. ஆபரேட்டர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அறைக்குள் உட்கார வைத்து, குரல் ஏற்றிய கருவியை அக்காவிடம் கொடுத்தேன். டாக்டரம்மா வாசலில் கைகட்டி நின்றார். அக்கா வெகுநேரம் தட்டினார், அழித்தார், தட்டினார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அக்காவின் குரல், டிரைவிங் பள்ளிக் குரல், அறையை நிரப்பியது.

“மூக்குல முடி எட்டிப் பாக்குது. நாலு மாசமாச் சொல்லணும்னு இருக்கேன். வெட்டித் தொலைங்க.”

ஆபரேட்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. கையைத் துழாவி மனைவியின் கன்னத்தைத் தொட்டார்.

“இன்னொரு தடவை திட்டு” என்றார்.

அக்கா திட்டினார். விதவிதமாகத் திட்டினார். டாக்டரம்மா உள்ளே பார்க்க மாட்டாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர்களுக்காக எடுத்த கைக்குட்டை எனக்கே பயன்பட்டது.

அப்போது ஆபரேட்டர் தலையைச் சாய்த்தார்.

“அது சரி. உன்கூட யாரு?”

அக்கா என்னைப் பார்த்தார்.

“உன் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால ஒரு ஆள் தொண்டையைச் செருமறாரே. ரெண்டு தடவை. தம்பி, நீங்களா?”

“நான் இல்ல சார்.” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா மெதுவாகத் தட்டினார். “எனக்கும் அப்பவே தோணுச்சு. படிக்கறப்போ, பக்கத்து சீட்டுல ஒருத்தர் உக்காந்திருக்கற மாதிரி. புதுசா ஓட்டறவங்க மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருப்பாங்களே, அப்படி.”

எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை முறை போட்டாலும் அக்காவின் குரல் மட்டும்தான். ஆனால் ஆயிரம் பேரைக் குரலை வைத்தே அடையாளம் கண்ட காது அவருடையது. அவரிடம் வாதாட நான் யார்? நடந்ததை அவர்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

“அறைச் சத்தம் கலந்திருக்கும் சார். சரியான வெற்றறை ஒண்ணு எடுத்து, மறுபடி கழிச்சுத் தர்றேன். அந்தச் செருமல் போயிரும்.” ஒரு நிமிட வேலையைக் காலத்தில் செய்யாத மடையன் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

அவர்களை வராந்தாவில் உட்கார வைத்தேன். பக்கத்துக் கட்டடத்தில் இன்று வேலை இல்லை. குழாய்கூட ஓடவில்லை. விளக்கை அணைத்தேன், பதிவை ஓடவிட்டேன், வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கடிகாரத்தைப் பார்த்து அறுபது நொடி நின்றேன். அதன்பின் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். கோடு ஓர் இடத்தில்கூட எழாமல் தட்டையாக ஓடியிருந்தது. ஹெட்போனில் கேட்டேன். ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான வெற்றறை எடுத்ததில்லை.

“நீங்களே ஒரு தடவை கேட்டுச் சொல்லிருங்க சார்” என்று ஆபரேட்டரை அழைத்து வந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். அக்கா அவர் தோளில் கை வைத்துக்கொண்டார்.

ஆபரேட்டர் கண்ணை மூடிக் கேட்டார். பத்து நொடியில் முகம் தெளிந்தது.

“போயிட்டாரு. அந்தச் செருமறவர் இல்ல.”

நான் மூச்சு விட்டேன். காலையிலிருந்து விடாத மூச்சு.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. புருவம் மெல்லச் சுருங்கியது. வலது காதை இன்னும் அழுத்திக்கொண்டார். பழைய வேலையின் பழக்கம்போல, இடது கை தானாக மேசைமேல் எதையோ தேடியது, ஸ்விட்சுகளைத் தேடுவதுபோல.

“என்ன சார்?”

“உஷ்” என்றார். வெகுநேரம் கேட்டார். ஒரு நிமிடப் பதிவு எப்போதோ முடிந்து, திரையில் கோடு நின்றுபோயிருந்தது. அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வரிசையா உக்காந்திருக்காங்க தம்பி. தொண்ணூறாவது அட்டையோட நிக்குதாம், அடுத்து தன்னைக் கூப்பிடுவீங்களான்னு ஒரு அம்மா கேக்கறாங்க. லைன்ல இருக்கச் சொல்லவா?”